இடப்பக்கம் வரவில்லை

என் மனைவிக்கு இடக்காது போனதற்கு நான்தான் காரணம். சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அவளுக்கு அடிக்கவில்லை. அப்படியான ஆள் இல்லை நான். ஆனால் அந்தக் காது செத்துக்கொண்டிருந்த இரண்டு கிழமையும் அவளுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தவன் நான். பிழை எங்கே, பிழை எங்கே என்று தேடிக்கொண்டும் இருந்தேன். மடிக்கணினியில் தேடினேன், வயரில் தேடினேன், மென்பொருளைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். அவளுடைய காதை மட்டும் பார்க்கவில்லை.

எங்களுக்கு மானிப்பாயில் வீடு. நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன். அவள் பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினைந்து வருடமாக வயலின் படிப்பிக்கிறாள். பிள்ளைகள் இல்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு அவள் தன் வயலினோடு இருப்பாள். நான் என் விசர் வேலையோடு இருப்பேன். பைத்தியக்கார வேலை என்று அவள் வைத்த பெயர் அது. பழைய ரீவி கேம் கசற்றுகளுக்குள் இருக்கும் பாட்டுகளை வெளியே எடுப்பதுதான் அந்த விசர் வேலை.

போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த காலத்தில் கொழும்பிலிருந்து சாமான்கள் லொறி லொறியாக வந்து இறங்கின. அவற்றோடு வந்ததுதான் ரீவி கேம். ஒரு பெட்டி, இரண்டு கைப்பிடி, மேலே செருகுவதற்கு மஞ்சள் நிறத்தில் ஒரு கசற். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய வயதில் நான் அதற்கு முன்னால் சப்பாணி கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தீயணைப்புக்காரன் கூரைக்குக் கூரை பாய்ந்து போகும் விளையாட்டு ஒன்று. அதன் மூன்றாம் கட்டத்தில் ஒரு பாட்டு வரும். நெருப்பு எட்டாத ஒரு மூலையில் ஆளை நிறுத்தி வைத்துவிட்டு நான் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். பரீட்சையில் கோட்டை விட்டதற்கு அந்த மூலையும் ஒரு காரணம்.

இருபது வருடம் கழித்து அதே கசற்றை ஒரு பழைய சாமான் கடையில் கண்டபோது விலை கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். வெளிநாட்டிலிருந்து தபாலில் ஒரு சின்னக் கருவி எடுப்பித்தேன். கசற்றை அதில் செருகிக் கணினியோடு பொருத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் ஒரு கோப்பாக இறங்கும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கசற்றின் பல்லுகளைத் துடைத்துத் துடைத்து, ஏழாவது தரம்தான் முழுவதும் இறங்கியது. ஆனால் அதற்குள் பாட்டு பாட்டாக இருக்காது. எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்ற கட்டளைகள்தான் இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் சில்லு அதைப் பார்த்து வாசிக்கும். இப்போது அந்தச் சில்லின் வேலையைக் கணினியில் ஒரு மென்பொருள் செய்கிறது.

அந்த மென்பொருளோடு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதலில் கடுகு தாளிப்பதுபோல் பொரிந்தது. அதைச் சரிசெய்தால் பாட்டு ஓட்டமாக ஓடியது. வேகத்தைப் பிடித்தால் சத்தம் விட்டுவிட்டு வந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். ஆனால் பிழை பிடிப்பதில் மட்டும் பொறுமை உண்டு. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட வேண்டும், பிறகு கேட்க வேண்டும். அலுவலகத்தில் யாருடைய கணினியாவது மக்கர் பண்ணினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது.

பாட்டு சுத்தமாக வந்த அன்று அவள் வெங்காயம் உரித்த கையோடு குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“உதென்ன பாட்டு? ஒருக்காத் திருப்பிப் போடுங்கோ.”

போட்டேன். கதவு நிலையில் சாய்ந்து நின்று கண்ணை மூடிக் கேட்டாள்.

“மோகனம் மாதிரி வந்து பேந்து எங்கையோ பாயுது. நல்லாக் கிடக்கு. ஆர் போட்டது?”

“ஆரோ ஒரு யப்பான்காரன். பேர் கூடப் போடேல்லை.”

“பாவம்” என்றாள். அடுத்த நாள் அவளாகவே என் அறைக்குள் வந்தாள். பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவில் தன்னுடைய பிள்ளைகளை இதை வாசிக்க விடலாமா என்று கேட்டாள். பாட்டில் இரண்டு குரல் ஒன்றையொன்று துரத்திப் போகின்றன. பிள்ளைகளை மேடையில் இரண்டு பக்கமாகப் பிரித்து ஆளுக்கொரு குரல் கொடுக்கலாம். அதற்குச் சுரம் எழுத வேண்டும், இரண்டையும் தனித்தனியாகக் கேட்கத் தந்தால் எழுதிவிடுவேன் என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். என் விசர் வேலையை அவள் ஒரு வேலையாக மதித்தது அதுதான் முதல் தரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோசம்தான் பிறகு என் கண்ணைக் கட்டியது என்று நினைக்கிறேன்.

நாங்கள் வேலை செய்தது இப்படி. முதல் குரலை முழுவதுமாக இடப்பக்கமும் இரண்டாம் குரலை முழுவதுமாக வலப்பக்கமும் நான் தள்ளிவிடுவேன். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுரக்கொப்பியில் எழுதுவாள். நான் பக்கத்திலிருந்து நிறுத்துவேன், பின்னுக்கு இழுப்பேன், திரும்ப விடுவேன். மூன்று நாளில் பாதிப் பாட்டு எழுதியாயிற்று. நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் தலைக்கு முழுகிவிட்டுப் பள்ளிக்கூடம் போய் வந்தாள். பின்னேரம் ஹெட்போனை மாட்டியவள் உடனேயே கழற்றினாள்.

“இஞ்சரப்பா, முதல் குரல் வரேல்லை.”

“வராமல் எங்கை போறது? வடிவாக் கேளும்.”

“வடிவாத்தான் கேக்கிறன். வலப்பக்கம் மட்டும்தான் வருது. இடப்பக்கம் சத்தமே இல்லை. காது வேறை அடைச்ச மாதிரிக் கிடக்கு.”

“முழுகினனீரெல்லே, தண்ணி போயிருக்கும்” என்று சொல்லிவிட்டு ஹெட்போனை வாங்கி என் காதில் வைத்தேன். இரண்டு குரலும் கணீரென்று வந்தன. திரும்ப அவளிடம் கொடுத்தேன். இடப்பக்கம் இல்லை என்றாள்.

கணினி வேலை தெரிந்தவர்களுக்கு இந்த வருத்தம் நன்றாகத் தெரியும். நாம் பார்க்கும்போது வேலை செய்யும், மற்றவர் தொட்டால் நின்றுவிடும். எங்கேயோ வயர் ஒன்று விட்டு விட்டுத் தொடுகிறது என்று அர்த்தம். அன்றைக்கு நான் அப்படித்தான் முடிவெடுத்தேன். இரண்டு குரலையும் பக்கம் மாற்றிப் பார்த்தேன். இப்போது முதல் குரல் வருகிறது, இரண்டாம் குரல் இல்லை என்றாள். அட, அப்படியென்றால் ஹெட்போனில் இடப்பக்கம்தான் பிழை! கண்டுபிடித்த சந்தோசத்தில் எனக்கு ஒரே புளுகம். திருகாணியைக் கழற்றி, வயரை வெட்டி, ஈயம் வைத்து ஒட்டினேன். எனக்கு நன்றாகக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை.

அவள் தன்பாட்டுக்கு நல்லெண்ணெயில் உள்ளி போட்டுக் காய்ச்சிக் காதுக்கு விட்டுப் பஞ்சு வைத்துக்கொண்டாள். எங்கள் வீடுகளில் காது அடைத்தால் அதுதான் வைத்தியம், அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. பஞ்சு வைத்த காதோடுதான் பள்ளிக்கூடம் போய்வந்தாள். நான் பட்டணத்தில் புது ஹெட்போன் ஒன்று வாங்கிவந்தேன். அதிலும் அதே கதை. சரி, மடிக்கணினியில் ஹெட்போன் செருகும் துளைதான் பழுது என்று நினைத்து, வெளியே பொருத்தும் ஒலிக் கருவி ஒன்றை அலுவலகத்திலிருந்து இரவல் கொண்டுவந்தேன். அதிலும் அதே கதை. இனி மிச்சம் மென்பொருள்தானே. அதை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். ஒலிக்கான ட்ரைவரையும் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு தரமும் அவளைக் கூப்பிட்டு இருத்தி ஹெட்போனை மாட்டிவிடுவேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுவாள், இல்லை என்று.

“கூ எண்டு ஒரு இரைச்சலும் கேக்குது” என்றாள் ஒருநாள்.

கரண்டால் வரும் இரைச்சலாக இருக்கும் என்று திரையில் அலைகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை, வெறும் நேர்கோடு. இருந்தும் விடாமல் ஒரு வடிகட்டி போட்டேன். குறைந்ததா என்று கேட்டேன்.

“இல்லையப்பா. நீங்கள் பாட்டை நிப்பாட்டின பிறகும் கேக்குது.”

“அப்ப அது உம்மடை மண்டைக்குள்ளை இருக்கு” என்றேன், பகிடியாகத்தான். அவளும் சிரித்தாள்.

வேறு அடையாளங்களும் இருந்தன. முற்றத்தில் நின்று கூப்பிட்டால் குசினிப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். “நான் இஞ்சை நிக்கிறன், நீர் எங்கை பாக்கிறீர்?” என்று பகிடி பண்ணினேன். கைத்தொலைபேசியை எப்போதும் வலக்காதில்தான் வைப்பாள், அதனால் அவளுக்கும் விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சத்தத்துக்குள் ஒரு காதின் குறை தெரியவில்லை. அதோடு, அவளுடைய காதில் பிழை இருக்கும் என்று அவளே நம்பமாட்டாள். முப்பது பிள்ளைகள் ஒன்றாக வாசிக்கும்போது பின்வரிசையில் யாருடைய தந்தி கால் சுருதி இறங்கியிருக்கிறது என்று சொல்லும் காது அது. நான் கணினிக்காரன். நான் மென்பொருளில் பிழை என்று சொன்னால் அவளும் மென்பொருளில்தான் பிழை என்று நம்பினாள். அவள் என்னை நம்பியதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

இரண்டாவது சனிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. என்னைப் போல் பழைய விளையாட்டுப் பாட்டுகளை எடுப்பவர்கள் கூடும் ஓர் இணையத்தளம் இருக்கிறது. அங்கே எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விவரமாக எழுதினேன். இடப்பக்கம் வரவில்லை, எனக்கு வருகிறது, மனைவிக்கு வரவில்லை, ஹெட்போனை மாற்றியாயிற்று, கருவியை மாற்றியாயிற்று, அலைகளில் தெரியாத ஓர் இரைச்சல் அவளுக்குக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரேயொரு பதில் வந்திருந்தது. எந்த நாட்டு ஆள் என்றும் தெரியாது. இரண்டே இரண்டு வசனம். ஹெட்போனை அவருடைய தலையில் இடம் வலமாகத் திருப்பி மாட்டிப் பாருங்கள். அப்போதும் இடப்பக்கமே கேட்காவிட்டால் இன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. மென்பொருளைப் பற்றிக் கேட்டால் வீட்டுப் பெம்பிளையைப் பற்றிக் கதைக்கிறானே இந்தப் பேயன் என்று பல்லைக் கடித்தேன். என் மனைவி பதினைந்து வருடமாக வயலின் படிப்பிப்பவள், அவளுடைய காதை விட்டுவிட்டு உன்னுடைய மூளையைக் கொண்டுபோய்க் காட்டு என்று எழுதிவிட்டு மடிக்கணினியை மூடினேன். அவள் குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். பத்து அடி தூரம் இருக்காது. ஹெட்போன் மேசையில் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய்த் திருப்பி மாட்டியிருந்தால் ஒரு நிமிடம் போயிருக்கும். என்ன பதில் வந்தது என்று அவள் கேட்டபோது, “ஒருத்தருக்கும் தெரியேல்லையாம்” என்று சொன்னேன்.

அதன்பிறகு ஹெட்போனை விட்டுவிட்டோம். மிச்சச் சுரங்களை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். வலது பக்கம் சரிந்திருந்து எழுதி முடித்தாள். பள்ளிக்கூடத்தில் ஒத்திகை தொடங்கியது. மாலையில் களைத்துப்போய் வருவாள், தலை சுற்றுகிறது என்று படுத்துவிடுவாள். விழா முடியட்டும், பிறகு நிம்மதியாகப் படும் என்றேன்.

விழா ஒரு திங்கட்கிழமை. நான் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பெற்றோருக்குப் பின்னால் இருந்தேன். பிள்ளைகள் மேடையில் இரண்டு பக்கமும் இருந்தார்கள். அவள் நடுவில், பார்வையாளருக்கு முதுகு காட்டிக்கொண்டு தாளம் போட்டாள். பாட்டு தொடங்கியது. முதல் சுற்றே முடியவில்லை, அவளுக்கு இடப்பக்கம் இருந்த பிள்ளைகள் பிசகிவிட்டார்கள். யாரோ ஒரு பிள்ளை ஒரு சுரம் முந்த, மற்றவர்கள் அதன்பின்னால் இழுபட்டார்கள். எனக்கே கேட்டது, எனக்குச் சுருதியும் தெரியாது தாளமும் தெரியாது. அந்தப் பிள்ளைகள் வில்லை இழுத்துக்கொண்டே அவளுடைய முகத்தைப் பார்த்தார்கள். ரீச்சர் திரும்பி ஒரு சைகை காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். அவள் வலப்பக்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு தாளம் போட்டாள். கடைசிவரை அவள் இடப்பக்கம் திரும்பவேயில்லை.

சனம் கைதட்டியது, பிள்ளைகள்தானே என்று. வெளியே மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து நின்று அவள் வயலின் பெட்டியைத் தோளில் மாட்டினாள். பிறகு என்னைக் கேட்டாள்:

“இடப்பக்கம் இருந்த பிள்ளையள் வாசிச்சவையோ?”

ஓம் என்று தலையாட்டினேன். வீட்டுக்குள் வந்ததும், அவள் சேலை கூட மாற்ற முதல், கதிரையில் இருத்தி ஹெட்போனை மாட்டினேன். பாட்டை விட்டேன். இடப்பக்கம் இல்லை என்றாள். ஹெட்போனை அவள் தலையிலிருந்து எடுத்து இடம் வலமாகத் திருப்பி மாட்டினேன்.

“இப்ப?”

“இப்பவும் இடப்பக்கம்தான் இல்லை” என்றாள். சொன்ன பிறகு அவளுக்கும் விளங்கியது. கையைத் தூக்கி அந்தக் காதைத் தொட்டாள். “ஐயோ, அப்பா” என்றாள், அவ்வளவுதான்.

அடுத்த நாள் விடியப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். காது பார்க்கும் இடத்தில் கண்ணாடி போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. அதற்குள் அவளை இருத்தி ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். வலக்காதுக்குக் கை உடனுக்குடன் உயர்ந்தது. பிறகு கருவிக்கு முன்னால் இருந்த பெண் இடக்காதுக்கு மாற்றினாள். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். என் மனைவி மடியில் கையை வைத்துக்கொண்டு, பரீட்சையில் விடை தெரியாத பிள்ளைபோல் என்னைப் பார்த்தாள். இதே சோதனையைத்தான் நான் என் அறையில் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு தரமும் சரியான விடைதான் வந்தது. நான் அதை ஹெட்போனின் கணக்கில் எழுதினேன்.

எப்போதிருந்து என்று வைத்தியர் கேட்டார்.

“நாலைஞ்சு நாளாய்த்தான் இருக்கும், டொக்டர்” என்றாள் அவள். அவள் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

“பதினெட்டு நாள்” என்றேன். கோப்புகளுக்குத் திகதி போட்டு வைப்பது என் பழக்கம். எந்தப் பின்னேரம் என்று கூட என்னால் சொல்ல முடிந்தது.

அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். இப்படித் திடீரென்று போகும் காது ஓர் அவசரம், முதல் இரண்டு கிழமைக்குள் குளிசை தொடங்கினால் திரும்பி வர இடமுண்டு என்றார். கட்டாயம் வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் இடமுண்டு. “இப்பவும் தாறன். பாப்பம்” என்று எழுதித் தந்தார். நான் மனதுக்குள் நாள்களை எண்ணினேன். அந்தப் பதில் வந்தது ஒன்பதாம் நாள்.

குளிசை போட்டாள், பிறகு காதுக்குள் ஊசியும் போட்டார்கள். கொஞ்சம் திரும்பியது. அந்தக் கொஞ்சம் திரும்பாமலே இருந்திருக்கலாம் என்று சில வேளை அவள் சொல்லுவாள். ஒரே சுரம் வலக்காதில் ஒன்றாகவும் இடக்காதில் கொஞ்சம் இறங்கியும் விழுகிறதாம். வயலினை வைப்பதும் இடப்பக்கம்தானே. சுருதி சேர்க்கும்போது எதை நம்புவது என்று தெரியாமல் தந்தியை ஏற்றுவாள், இறக்குவாள், பிறகு வில்லை வைத்துவிட்டு எழும்பிப் போவாள். ஒருநாள் வந்து, சுருதி காட்டும் மென்பொருள் ஏதாவது இருந்தால் தன் கைத்தொலைபேசியில் போட்டுத் தரச் சொன்னாள். இரண்டு நிமிட வேலை. முதல் தரத்திலேயே ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. இப்போது அவள் திரையில் ஆடும் முள்ளைப் பார்த்துத்தான் தந்தி முறுக்குகிறாள். ஐமிச்சம் வந்தால் என்னிடம் நீட்டி, சரியோ என்று கேட்பாள். அவள் என்னிடம் சுருதி கேட்கிறாள்! நான் முள்ளைப் பார்த்து ஓம் என்பேன்.

பாட்டு எடுக்கும் வேலையை நான் விட்டுவிட்டேன். அவள் விடச் சொல்லவில்லை. அந்தத் தளத்தில் என் ஏச்சுக்கு அந்த ஆள் திருப்பி எழுதவுமில்லை. அவருக்கு நான் இன்றுவரை ஒரு நன்றி எழுதவில்லை. அவளுக்கும் அந்தப் பதிலைப் பற்றிச் சொல்லவில்லை. பிந்தித்தான் கண்டுபிடித்தோம், யாருக்கும் தெரியவில்லை, விதி என்று அவள் தன்னைத் தேற்றி வைத்திருக்கிறாள். வந்து போகும் சொந்தக்காரரிடம், “இவர்தான் கடைசியிலை பிழையைக் கண்டுபிடிச்சவர்” என்று கூடச் சொல்லுகிறாள். எனக்கு அப்போது நிலத்துக்குள் போய்விடலாம் போலிருக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம். விறாந்தையில் இருந்து பிள்ளைகளின் சுரக்கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். வழக்கமாக நான் அவளுக்கு வலப்பக்கம்தான் இருப்பேன். அன்றைக்குக் கதிரையை இடப்பக்கம் இழுத்துப் போட்டேன். கொப்பியைப் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில், எல்லாவற்றையும் சொன்னேன். பதில் ஒன்று வந்தது. இன்றைக்கே வைத்தியரிடம் போ என்று இருந்தது. நான் அந்த ஆளை ஏசினேன். உமக்குப் பொய் சொன்னேன். இன்னும் ஐந்து நாள் இருந்தது. சொல்லும்போது குரலை நான் உயர்த்தவில்லை. அவள் ஒரு பிழையான சுரத்துக்குச் சிவப்பில் வட்டம் போட்டுவிட்டு, என் வாய் அசைந்ததைக் கண்டு திரும்பினாள்.

“என்னப்பா, ஏதோ சொன்னனீங்களோ?”

“ஒண்டுமில்லை. தேத்தண்ணி போடவோ எண்டு கேட்டனான்.”

“ஓம், போடுங்கோ. எனக்குச் சீனி குறைச்சு” என்றாள். நான் எழும்பிக் குசினிக்குப் போனேன்.